எந்தக் கலையை ஓதுவது?

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் இல்லந்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளை கல்லூரியில் எதை எடுத்துப் படிப்பது? பொறியியலா, வணிகவியலா, மொழியா, சட்டமா? இது நம் காலத்தில் தோன்றிய கவலை என்று எண்ணுவோர் பலர். அரபு நூல்களைப் புரட்டியவர் அவ்வாறு எண்ணார். கூஃபாவிலும் பக்தாதிலும் புகாராவிலும் மாணவர் இதே வினாவோடு நின்றிருக்கின்றனர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைப் (ஹிஜ்ரி 80–150, கி.பி. 699–767) பற்றி, கதீபுல் பக்தாதி (மறைவு 463/1071) தம் பக்தாது வரலாற்றில் ஒரு செய்தி தருகின்றார். கல்வி தேட விழைந்த இமாம் அவர்கள் கலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதனைக் கற்றால் முடிவில் என்ன ஆகும் என்று பிறரிடம் கேட்டார்களாம். குர்ஆனை மனனம் செய்தால் பள்ளிவாசலில் அமர்ந்து சிறுவர்க்கு ஓதிக்கொடுக்கலாம். அவர்களுள் ஒருவன் விஞ்சிவிட்டால் தலைமை போய்விடும். ஹதீஸைத் திரட்டினால், முதுமையில் நினைவு பிழைக்கும்போது பொய்யர் என்னும் பழி வரும். நஹ்வு கற்றால் ஆசிரியராகி இரண்டு மூன்று தீனார் ஊதியம் பெறலாம். கவிதை கற்றால் கொடுப்பாரைப் புகழவும் கொடாதாரை இகழவும் வேண்டும். கலாம் கற்றால் மார்க்கம் பிறழ்ந்தவர் என்ற ஐயத்துக்கு ஆளாக நேரும். ஃபிக்ஹு கற்றாலோ, இளைஞராயினும் மக்கள் தேடிவந்து தீர்ப்புக் கேட்பர். காழிப் பதவியும் கிட்டும். ஆகவே அதனையே தேர்ந்தார்களாம்.

இக்கதையை நம்புவதற்கில்லை. ஹாஃபிழ் தஹபீ (மறைவு 748/1348) இதனைப் புனைந்துரை என்றே தள்ளுகின்றார். இமாம் அவர்களின் இளமையில் கலாம் என்றொரு கலை இருந்ததா என்பது அவர் எழுப்பும் தடைகளுள் ஒன்று. காழிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தவர் என்று வரலாறு போற்றும் பெருந்தகை, அப்பதவியை எண்ணியா கல்வியைத் தேர்ந்திருப்பார்? எனினும் கதையைக் கட்டியவர் காலத்து மாணவர் மனநிலையை இதிலிருந்து நன்கு அறியலாம். எந்தக் கலைக்கு என்ன ஊதியம், எதற்கு எவ்வளவு மதிப்பு, எதில் ஆபத்து என்ற கணக்கு அன்றே தெளிவாக இருந்திருக்கின்றது.

அக்கணக்கை உறுதிப்படுத்தியவை வக்ஃபுகள். நிஜாமுல் முல்க் அமைத்த நிஜாமிய்யா மதரஸா பக்தாதில் ஹிஜ்ரி 459-இல் (1067) திறக்கப்பட்டது. அதன் வக்ஃபு ஷாஃபிஈ மத்ஹபினர்க்கே உரியது. 1234-இல் அதே நகரில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா நான்கு மத்ஹபுகளுக்கும் இடமளித்தது. மத்ஹபுக்கு 62 பேராக ஃபிக்ஹு மாணவர் 248 பேர். மருத்துவம் பயில்வோர் 10 பேர். மருத்துவத்தை மருத்துவமனைகளிலும், தத்துவத்தையும் வானியலையும் பெரும்பாலும் ஆசிரியர்தம் இல்லங்களிலும் தேடிச்சென்று கற்றனர். உண்டியும் உறையுளும் உதவித்தொகையும் ஃபிக்ஹுக்கே குவிந்திருந்த நிலையில், ஏழை மாணவன் எங்கே செல்வான்? அவனுக்கான தேர்வை வக்ஃபுப் பத்திரம் முன்னரே எழுதிவைத்துவிட்டது.

மாணவன் தானே தேர்தல் தகுமா என்ற கேள்வியை நேராக எதிர்கொண்டவர் இமாம் ஸர்நூஜீ. மதரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் 'தஅலீமுல் முதஅல்லிம்' அவர் இயற்றியதே. எந்தக் கலை தனக்குப் பொருந்தும் என்ற முடிவை உஸ்தாதிடம் விட்டுவிடுதல் வேண்டும் என்கின்றார். அவர் தம் ஆசிரியரும் 'ஹிதாயா' ஆசிரியருமான புர்ஹானுத்தீன் மர்கீனானீ (மறைவு 593/1197) அவர்களைச் சான்று காட்டுகின்றார்: முன்னோர் உஸ்தாதிடம் ஒப்படைத்து வென்றனர்; இக்காலத்தவர் தாமே தேர்ந்து தவறுகின்றனர் என்பது அவர்தம் ஆதங்கம். மாணவர் தாமே தேர்ந்துகொண்டிருந்தனர் என்பதற்கு இந்த ஆதங்கமே சான்று. தொடர்ந்து ஸர்நூஜீ ஒரு நிகழ்ச்சி கூறுகின்றார். இமாம் புகாரி, முஹம்மது இப்னுல் ஹஸனிடம் தொழுகைப் பாடத்தைத் தொடங்கினார்களாம். ஹதீஸே அவர்தம் இயல்புக்கு ஏற்றது எனக் கண்ட ஆசிரியர் அதன்பால் திருப்பி அனுப்பினாராம். முஹம்மது இப்னுல் ஹஸன் மறைந்தது ஹிஜ்ரி 189. இமாம் புகாரி பிறந்தது 194! கிதாபில் இருக்கின்றது என்பதற்காக ஆண்டுகளை ஒப்பிடாது ஓதிச் செல்வது நம்மிடையே உள்ள வழக்கம். அதே நூலில், புகாரா நகருக்குச் செல்லும் மாணவன் இரண்டு மாதம் பொறுத்திருந்து ஆராய்ந்த பின்னரே ஆசிரியரைத் தேர்க என்னும் அறிவுரையும் உண்டு. கலையைத் தேரும் உரிமையை மறுத்தவர், ஆசிரியரைத் தேரும் உரிமையை மறுக்கவில்லை.

இப்னு கல்தூன் (1332–1406) நோக்கியது வேறு கோணம். தமக்கெனவே கற்கப்படும் கலைகள் ஒருபுறம். அவற்றுக்குக் கருவியாகும் நஹ்வு, தர்க்கம் போன்றவை மறுபுறம். கருவிக் கலையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடலாகாது என்கின்றார். நஹ்விலும் ஸர்ஃபிலும் ஊறிக் கிடந்து, தஃப்ஸீரை எட்டுமுன் வயிற்றுப்பாட்டுக்கு வெளியேறிய மாணவர் எத்தனை பேர் என்பதை மதரஸாக்களை அறிந்தோர் அறிவர்.

செவிலி நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (மறைவு 543/1148) ஒரு புதுமுறை சொன்னார்: முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணிதம், பின்னரே குர்ஆன். பொருளறியாத பிள்ளையை ஓதவைப்பது அவருக்கு உவப்பாக இல்லை. ஒரே வேளையில் இரு கலைகளைக் கற்பிப்பதையும் அவர் விலக்கினார். இம்முறை நல்லதே எனப் பாராட்டும் இப்னு கல்தூன், வழக்கம் இதற்கு இடந்தராது என்று கூறிக் காரணமும் காட்டுகின்றார். பிள்ளை தந்தையின் சொல்லுக்கு அடங்கியிருப்பது இளமையில்தான்; வயது வந்தபின் எங்கே சென்றுவிடுவானோ என்ற அச்சத்தால், இன்றியமையாததை முதலில் புகட்டிவிடப் பெற்றோர் விரைகின்றனர். பிள்ளை இறுதிவரை கல்வியில் நிலைப்பான் என்ற உறுதி மட்டும் இருக்குமாயின், இப்னுல் அரபீ காட்டிய வழியே மிகச் சிறந்தது என்பது அவர் தீர்ப்பு.