சொத்துப் பட்டியலில் ஒரு மூதாட்டி

மன்னர் குலத்தின் பெருமை பேச மெய்க்கீர்த்திகள் உண்டு. கொடிவழி பாடப் புலவர் உண்டு. பருத்திக் காட்டில் முதுகொடிய உழைத்தவளின் குலவரலாற்றை எந்தக் கல்லில் தேடுவது? அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாய் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள், இந்தக் கேள்வியோடுதான் பழைய ஏடுகளைப் புரட்டுகின்றனர்.

1850, 1860 ஆகிய ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது, அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் வகுத்தது அந்நாட்டு அரசு. அதிலே உடைமையாளன் பெயர் இருக்கிறது. அதன்கீழே வயது, பால், நிறம்! அடிமையின் பெயரை, அரிதாகச் சில இடங்கள் தவிர, காணமுடியாது. தாய் எவள், சேய் எது என்ற குறிப்பும் கிடையாது. அவர்தம் மணவாழ்வைச் சட்டம் ஏற்கவில்லை. தாய் அடிமையானால் சேயும் அடிமை என்பதை மட்டும் மறவாது எழுதி வைத்தது! 1865இல் அடிமைமுறை ஒழிந்து, 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் அனைவரும் பெயருடைய மாந்தராயினர். அதற்கு அப்பால் தேடுவோர் முன்னே நிற்பது ஒரு பெருஞ்சுவர்.

சுவரைக் கடக்க வழி? உடைமையாளனின் ஏடுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான்! உயில், சொத்து மதிப்பீடு, விற்பனைச் சீட்டு ஆகியவற்றில் அடிமையின் பெயர் இருக்கும். விலை போடப் பெயர் வேண்டுமல்லவா?

2009இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியாராக வெள்ளை மாளிகை புகுந்த மிஷெல் ஒபாமாவின் குடிவழியை எண்ணிப் பாருங்கள். ஐந்து தலைமுறைக்கு முந்திய அவர் மூதாட்டி மெல்வினியா. ஆராய்ச்சியாளர் மேகன் ஸ்மோலென்யாக் அவரைக் கண்டெடுத்த இடம் எது? 1850இல் தென் கரோலினாவில் ஒரு முதியவர் எழுதிய உயில்! இராட்டினம், அரிவாள், மேசைவிரிப்பு, கால்நடை. அவற்றோடு ஆறு வயதுச் சிறுமி. பின்னர் அவளுக்கு இட்ட மதிப்பு 475 டாலர். முதியவர் மறைந்தபின் அந்தப் பிஞ்சு, ஜார்ஜியாவில் வாழ்ந்த அவருடைய மகள் வீட்டுக்குச் சேர்ந்தது.

1870ஆம் ஆண்டுக் கணக்கு மெல்வினியாவைத் தாயாகக் காட்டுகிறது. நான்கு மக்களில் மூவருக்குக் 'கலப்பினம்' என்ற குறிப்பு. தந்தை யார்? ஏடு வாய் திறக்கவில்லை. விஞ்ஞானம் திறந்தது! உடைமையாளர் குடும்பத்தின் குருதியே அவள் மகன் டால்பஸ் உடலில் ஓடியது என்பதை மரபணுச் சோதனை காட்டிற்று. 2012இல் ரேச்சல் சுவார்ன்ஸ் நூலாக எழுதி வெளியிட்டார். தம் குருதியையே தம் சொத்துக் கணக்கில் சேர்த்த பண்பாட்டை என்னென்பது!

அடிமையாய்ப் பிறந்த டால்பஸ், பர்மிங்காம் நகரில் தச்சராகி, சொந்தத் தொழில் நடத்தித் தலைநிமிர்ந்தார். மெல்வினியா மறைந்தது 1938இல். இறப்புச் சான்றில் பெற்றோர் பெயருக்குரிய கட்டத்தில் காணும் விடை: 'தெரியாது.'

இதை விதியென்று கூறி நகர்ந்துவிடலாமா? கூடாது. ஆறு வயதுக் குழந்தையின் விலையைக் கணக்குப் பிசகாமல் எழுதிய கைக்கு, அவளைப் பெற்றவள் பெயரை எழுத மனம் வரவில்லை. அந்த வெற்றிடமும் வரலாற்று ஆவணமே. அதையும் படிக்கக் கற்போம்!