பிளேட் வைத்த காலில் ஆறாத புண்: டிபி மாதிரி தெரியும், ஆனா டிபி இல்லை!

ஜெயங்கொண்டம் பக்கம் பைக்கில் விழுந்து கால் முறிந்தால் அரியலூர், தஞ்சாவூர், திருச்சி என்று போய் பிளேட் வைத்து வருகிறார்கள். பெரும்பாலானோருக்குப் புண் ஆறிவிடும். சிலருக்கு மட்டும் சில வாரம் கழித்துத் தழும்பு ஓரம் கட்டி வந்து நீர் வடியும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் நிற்காது. கல்ச்சர் டெஸ்டிலோ ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும்.

இதற்கு மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம், அப்செசஸ் போன்ற அபூர்வக் கிருமிகள் காரணமாக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் சொந்தக்காரர்கள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பவை. சரியாகச் சுத்தம் செய்யாத ஆபரேஷன் கருவி வழியாகவும் நுழையும். இந்தியாவில் லேப்ராஸ்கோபி காயங்களிலும் இவை பதிவாகியுள்ளன.

சிக்கல் என்னன்னா, மைக்ராஸ்கோப்பில் டிபி மாதிரியே தெரியும். ஆனால் வழக்கமான டிபி மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்காது. மாதங்கள் வீணாகும், எலும்பு அரிக்கும். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்து, சிபிநாட் டெஸ்டில் டிபி இல்லை என்று வந்தால் இவற்றைச் சந்தேகிக்கணும்.

வெளியே வடியும் சீழைத் துடைத்து அனுப்பினால் போதாது. உள்ளிருந்து எடுத்த திசுவை மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். கெட்ட திசுவைச் சுரண்டி எடுப்பார்கள். உலோகத்தின் மேல் கிருமி படலம் கட்டி ஒளிந்துகொள்ளும் என்பதால், எலும்பு கூடியிருந்தால் பிளேட்டையும் கழற்றுவார்கள். கூடவே அமிகாசின் ஊசி, கிளாரித்ரோமைசின் என கல்ச்சர் முடிவுக்கேற்ற கூட்டு மருந்து. எலும்பில் பரவியிருந்தால் 6 மாதமாவது தேவைப்படும். அமிகாசின் போடும்போது காது கேட்பதையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள்.