இறுதிச் சொல் துப்பு

துப்பறியும் கதைகளில் கொலையுண்டவர் உயிர் பிரியும் நேரத்தில் சொல்லியோ எழுதியோ சைகையாகவோ விட்டுச்செல்லும் அரைகுறைத் தடயம். நீதிமன்றம் அறிந்த மரண வாக்குமூலத்துக்கு இது நேர் எதிர். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32(1)ஆம் பிரிவு ஏற்றுக்கொண்ட அந்த வாக்குமூலம் தெளிவாக இருந்தால்தான் எடுபடும். கதையிலோ, தெளிவாக இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கொலைகாரன் பிடிபட்டுவிடுவான்.

இந்த உத்தியை வாசகர் மனத்தில் பதியவைத்தவர் ஆர்தர் கோனன் டாயில். 1891இல் வந்த 'பாஸ்கோம் பள்ளத்தாக்கு மர்மம்' கதையில், சாகும் தந்தை முணுமுணுத்தது மகன் காதில் 'அராட்' என்று, ஏதோ எலியைப் பற்றிய பேச்சாக விழுகிறது. துப்பறிவாளர் ஹோம்ஸ் ஆஸ்திரேலிய வரைபடம் ஒன்றை விரித்து, ஓர் ஊர்ப்பெயரின் முற்பகுதியைக் கையால் மறைத்துக் காட்டுகிறார். கையை எடுத்தால் 'பல்லராட்'. கொலையாளி அந்த ஊரில் கொள்ளையடித்தவன். அடுத்த ஆண்டு வந்த பாம்புக் கதையில், இறக்கும் பெண் சொன்ன 'பேண்ட்' என்ற சொல்லுக்குப் பட்டை, கும்பல் என இரு பொருள். அருகில் நாடோடிகள் முகாமிட்டிருந்ததால் ஹோம்ஸே முதலில் ஏமாறுகிறார். 1926இல் வந்த 'சிங்கத்தின் பிடரி'யில் கொலைகாரனே கிடையாது. கொன்றது ஒரு ஜெல்லி மீன்; சாகிறவர் சொன்ன அந்தத் தலைப்புச் சொற்கள் குறித்தது அதைத்தான். மூன்றிலும் சாகிறவர் புதிர் போடவில்லை, கண்டதைத்தான் சொன்னார். பிழை கேட்டவருடையது. டாயிலின் பலம் அதுதான்.

அமெரிக்காவின் எல்லரி குயின் (பிரெடரிக் டானே, மான்பிரெட் லீ என்ற ஒன்றுவிட்ட சகோதரர்களின் புனைபெயர்) இதைத் திருப்பிப்போட்டார். 1932இல் பார்னபி ராஸ் என்ற வேறு பெயரில் வெளியிட்ட 'எக்ஸின் துயரம்' நாவலில், ரயிலில் சுடப்பட்டவன் விரல்களைப் பின்னிக்கொண்டு சாகிறான். மறு ஆண்டு 'சயாமிய இரட்டையர்' நாவலில் பிணத்தின் கையில் கிழிந்த சீட்டு, ஸ்பேட் ஆறு. சாகும் தறுவாயில் இவ்வளவு யோசிப்பவர் பெயரையே எழுதியிருக்கலாமே என்ற கேள்விக்கு, கொலையாளி கண்டால் அழித்துவிடுவான் என்பதே வழக்கமான பதில். அது எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. அகதா கிறிஸ்டி 1934இல் வெளியிட்ட நாவலிலோ சாகிறவர் கேட்பது வெறும் ஒரு கேள்வி: எவன்ஸை ஏன் கேட்கவில்லை? அந்த எவன்ஸ் இருப்பது கதாநாயகன் வீட்டுச் சமையலறையில்.

குயினின் வழியை விடாமல் பற்றிக்கொண்ட நாடு ஜப்பான். ஒரே எழுத்தைப் பலவாறு படிக்கலாம் என்பதால் அந்த மொழி இதற்கு நன்றாக வளைந்துகொடுக்கிறது. ஆங்கிலச் சொற்களைக் கொண்டு 'டையிங் மெசேஜ்' என்று அவர்களே இதற்குப் பெயரும் வைத்தார்கள். 1994இல் கோஷோ அயோயாமா தொடங்கிய 'டிடெக்டிவ் கோனன்' சித்திரக்கதையில் இத்தகைய துப்புகள் அடிக்கடி வரும். அதில் துப்பறியும் சிறுவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர், டாயிலுடையது.