சால்வையும் அதன் கட்டுக்கதையும்

அக்பர் சக்கரவர்த்தியின் ஆட்சிமுறைகளை விரிவாகப் பதிவு செய்த அபுல் ஃபஸல், தமது ஐன்-இ-அக்பரியில் அரண்மனை ஆடைகளைப் பற்றிக் கூறுமிடத்து, தூஸ் என்னும் பிராணியின் ரோமத்தால் நெய்த சால்வைகள் இலேசிலும் கதகதப்பிலும் மென்மையிலும் இணையற்றவை என்று எழுதி, இயற்கை நிறத்திலேயே அணியப்பட்டுவந்த அவற்றிற்குச் சாயமேற்றும்படி பேரரசர் செய்தார் என்றும் குறிப்பிடுகிறார். பின்னர் 1665இல் ஔரங்கசீப்பின் பரிவாரத்துடன் காஷ்மீரம் சென்ற பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே, அந்நாட்டுச் சால்வைகள் இருவகையென வகுத்து, அவற்றுள் உயர்ந்த வகை பெரிய திபெத்தில் வாழும் காட்டாட்டின் மார்பு ரோமத்தால் ஆனது என்று தெளிவாகவே சொல்லிப்போனார். ஆகவே, இன்று ஷாதூஷ் என்று நாம் வழங்கும் சால்வை ஒரு காட்டு விலங்கின் உடலிலிருந்து வருவது என்பது முகலாயர் காலத்தில் மறைபொருளாக இருந்ததில்லை. அது மறைபொருளானது அண்மைக் காலத்தில்தான். அதுவும் வியாபாரத்தின் நிமித்தமாக.

அந்த விலங்கு, சிரூ எனப்படும் திபெத்திய இரலை. கிளார்க் ஏபெல் 1826இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, நேபாளத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாகப் பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சனின் பெயரையும் அதனோடு இணைத்தார். தோற்றத்தில் மானைப் போன்றிருப்பினும், மரபணு ஆராய்ச்சி இதனை ஆட்டினத்திற்கே நெருங்கிய சுற்றமெனக் காட்டுகிறது. மரங்களற்றதும், கோடையிலும் பனி பெய்வதுமான 3,700 முதல் 5,500 மீட்டர் வரை உயர்ந்த பீடபூமியே இதன் வாசஸ்தலம். மூக்கின் இருபுறமும் புடைத்து நிற்கும் காற்றுப்பைகளும், மற்ற பிராணிகளில் இளம்பருவத்தோடு மறைந்துவிடும் ஹீமோகுளோபின் வகை இதன் இரத்தத்தில் ஆயுள் முழுதும் நிலைத்து ஆக்சிஜனை இறுகப் பற்றுவதும், அந்த மெல்லிய காற்றிலும் இது மூச்சிரைக்காமல் ஓடுவதற்கு அமைந்த அனுகூலங்கள். கடுங்குளிரைத் தாங்குவதற்கென்று தோலை ஒட்டி அடர்ந்து வளரும் உள்ரோமமோ, 9 முதல் 12 மைக்ரான் வரையே பருமனுடையது. அதாவது மனிதத் தலைமயிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உயிரைக் காக்க வந்த அந்தப் போர்வையே உயிருக்குப் பகையாயிற்று.

ஒரு சிரூவிடமிருந்து கிடைப்பது 125 முதல் 150 கிராம் ரோமமே. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து விலங்குகள் வேண்டும். செம்மறியைப் போல் இதனைப் பட்டியில் அடைத்து ரோமம் கத்தரித்துவிட்டு அவிழ்த்துவிட முடியாதாகையால், கொன்று தோலை உரிப்பதொன்றே வழியாக இருந்தது. ஸ்ரீநகரின் வீடுகளில் பெண்கள், கொத்தாக வந்த அந்த ரோமத்திலிருந்து முரட்டு மயிர்களை விரல்களாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு, இழை அறாதபடி கைராட்டினத்தில் நூற்றார்கள். இயந்திரத்தின் இழுப்பைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. நெசவு முடிந்த சால்வை விரல் மோதிரத்தினூடே வழுக்கிச் செல்வதைக் காட்டியே வியாபாரிகள் விலை பேசினார்கள்.

நெடுங்காலம் இந்த வேட்டைக்கு ஓர் எல்லை இருந்தது. அந்தப் பீடபூமியின் சாங்தாங் பகுதி நாடோடி மேய்ப்பர்கள், உட்புறம் நோக்கிய கூர்முனைகள் கொண்ட வளையத்தைத் தடத்தில் புதைத்து, அதில் கால் சிக்கிய சிரூவைப் பிடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது முதலில் இறைச்சி, பிறகே ரோமம். அம்முறையால் மந்தைகள் அழிந்துவிடவில்லை என்பதற்கு, 1903இல் மேற்குத் திபெத்தைக் கடந்த ராணுவ அதிகாரி ராலிங், ஒரே பார்வையில் பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் வரை பெட்டைகளும் குட்டிகளும் தெரிந்தனவென்று எழுதியிருப்பதே சாட்சி. 1980களில் தங்கம் தேடி அதே பீடபூமியின் ஹோ ஷில் பகுதிக்குள் புகுந்தவர்கள், தங்கத்தைவிடத் தோலே இலாபகரமானது என்று கண்டபோது அந்த எல்லை தகர்ந்தது. சினையுற்ற பெட்டைகள் ஆண்களைப் பிரிந்து 300 கிலோமீட்டர் வரை நடந்து, ஜூன், ஜூலை மாதங்களில் தலைக்கொரு குட்டி ஈனுவதற்கெனக் கூடும் ஏரிக்கரைகளை ஜீப்புகளும் துப்பாக்கிகளும் கண்டுபிடித்துவிட்டன. தாயோடு அடுத்த தலைமுறையும் மாண்டது.

அதே ஆண்டுகளில்தான் கட்டுக்கதையும் செழித்தது. வசந்தகாலத்தில் விலங்குகள் புதர்களில் உராய்ந்து உதிர்க்கும் ரோமத்தைக் கிராமத்தார் பொறுக்கி வருகிறார்கள் என்று விற்பவர் சொல்ல, வாங்குபவர் நம்பினார். பறவையின் தூவி என்றுகூடச் சிலர் சொன்னதுண்டு. சிரூ மேயும் அந்தப் பாலையில் உராய்வதற்குப் புதர்களே அரிது. அங்கு பலமுறை சென்று ஆராய்ந்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் இந்தப் புனைவை உலகறியத் தகர்த்தார். இலட்சக்கணக்கில் திரிந்த இந்த இனம் 1990களின் நடுவில் 65,000 முதல் 72,500 வரையாகக் குறைந்துவிட்டதென்று அவர் மதிப்பிட்டார். 1994 ஜனவரியில், கொள்ளை வேட்டைக்காரரைப் பிடித்துத் திரும்பும் வழியில் அவர்களாலேயே சுடப்பட்டு மாண்டார் சோனம் தர்க்யே என்ற திபெத்திய அதிகாரி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1979 முதலே சர்வதேச உடன்படிக்கை நாடுகளுக்கிடையே சிரூ ரோம வணிகத்தைத் தடுத்திருந்தது. ஆனால் தனிச் சட்டம் கொண்டிருந்த ஜம்மு-காஷ்மீரில் உரிமம் பெற்று நெய்வதற்கு இடம் இருந்தது. 2002இல்தான் அந்த வாயிலும் அடைபட்டது. லண்டன் போலீசார் 1997இல் ஒரு கடையில் கைப்பற்றிய 138 சால்வைகளின் மதிப்பு மூன்றரை இலட்சம் பவுனாயிருக்க, 2000இல் நீதிமன்றம் விதித்த அபராதம் வெறும் 1,500 பவுன். குற்றத்தின் கனத்தைச் சட்டம் உணர எத்தனை காலம் பிடித்தது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

காவற்படைகளும் சரணாலயங்களும் வந்தபின் மந்தைகள் மீண்டன. 2016இல் இவ்வினம், அழிவபாயத்தை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலில், ‘அருகிய’ நிலையிலிருந்து ‘அச்சுறுத்தலை அண்மித்த’ நிலைக்கு மாற்றப்பட்டது. இந்த மீட்சியின் விலையை ஸ்ரீநகரின் நூற்போரும் நெய்வோரும் தங்கள் பிழைப்பால் கொடுத்தார்கள் என்பதையும் சரித்திரம் எழுதுவோர் மறைத்தலாகாது; அந்தக் கட்டுக்கதையினால் அவர்களுக்குக் கிட்டியது கூலி மட்டுமே, இலாபம் பிறருடையது. அணிபவருக்கும் கொல்பவருக்கும் இடையே நாடுகளும் தரகர்களும் பெருகப் பெருக, அபுல் ஃபஸலும் பெர்னியேயும் எளிதில் அறிந்திருந்த உண்மை அறியப்படாததாயிற்று. தூரம் மறைத்ததைவிட, அறிய விரும்பாமை மறைத்ததே அதிகம்.