அவசரகாலக் கட்டுப்பாட்டு வால்வு

ஆலையிலோ குழாய்த்தடத்திலோ ஆபத்து நேரும்போது எரிவாயு, நீராவி, எண்ணெய், தண்ணீர் ஆகியவற்றின் ஓட்டத்தைச் சில நொடிகளில் அடைக்கவோ, மாற்றுவழியில் திறந்துவிடவோ உதவும் தானியங்கி வால்வு. அன்றாடம் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை ஆபத்து வேளையிலும் நம்பலாமா என்ற கேள்வி இதன் வரலாறு நெடுகத் தொடர்கிறது.

கட்டுப்பாட்டு வால்வுக்கும் தீவிபத்துக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் மார்ஷல்டவுன் நகரில் குடிநீர் நிலையப் பொறியாளராக இருந்த வில்லியம் ஃபிஷர், ஊரில் தீப்பிடித்தபோது அழுத்தம் இறங்கிவிடாமல் நீராவிப் பம்புகளை நெடுநேரம் கையாலேயே திருகித் திருகி ஓட்டினார். அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் அழுத்தச் சீராக்கியை 1880இல் உருவாக்கினார்.

இன்றைய அவசர வால்வில் ஒருபுறம் காற்றழுத்தம், மறுபுறம் சுருள்வில். காற்றை அடக்கி வைக்கும் மின்காந்தச் சிறுவால்வான சொலினாய்டுக்கு மின்சாரம் நின்றதும் காற்று வெளியேறும்; வில் வால்வைத் தள்ளி அடைத்துவிடும். மின்தடை வந்தாலும், கம்பி அறுந்தாலும், காற்றுக்குழாய் முறிந்தாலும் வால்வு பாதுகாப்பான நிலைக்கே போய்ச் சேரும். பெரிய வால்வில் காற்று மெல்லத்தான் இறங்கும் என்பதால் விரைவு வெளியேற்றியும் பொருத்துவார்கள். ஆனால் வேகம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எஃகுக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தாழ 10 பார் எகிறும். ரஷ்ய அறிஞர் ஜூகோவ்ஸ்கி 1898இல் விளக்கிய இந்த நீரடி, குழாயையே பிளந்துவிடக்கூடும். அதனால் நீண்ட தண்ணீர்க் குழாய்களில் வால்வை நிதானமாகவே மூட வேண்டும். அமுக்கிப் பொறிகளில் நிலைமை நேர்மாறு: வாயு பின்னோக்கிப் பாய்ந்து பொறியைச் சிதைக்காமலிருக்க, கட்டுப்பாட்டு வால்வே ஓரிரு நொடியில் முழுதாகத் திறந்தாக வேண்டும்.

இத்துறையை உலுக்கியது 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து. அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி ஆணை போயிற்று என்பதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. பணியாளர்கள் அதை நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறி, அணு உலையின் மையப்பகுதியில் பாதியளவு உருகியது. ஆணையை அல்ல, வால்வுத் தண்டின் உண்மையான இடத்தையே காட்ட வேண்டும் என்பது அதன்பின் கட்டாயத் தேவையாக உணரப்பட்டது.

1988 ஜூலை 6 அன்று வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் மாண்டனர். பக்கத்து மேடைகளோடு இணைந்த எரிவாயுக் குழாய்கள் வெடித்துத் தீயை வளர்த்தன. கல்லன் பிரபு தலைமையிலான விசாரணைக்குப் பின், அவசர வால்வு எங்கே இருக்கிறது என்பதும் பாதுகாப்பின் பகுதியானது. ஆலைப் பாதுகாப்புக்காக 2003இல் வந்த ஐ.ஈ.சி. 61511 சர்வதேசத் தரநிலையின் அணுகுமுறை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: கட்டுப்பாட்டு வால்வின் பழுதே ஆபத்தை உண்டாக்கக்கூடும் என்றால், அதே வால்வை மட்டும் காப்பாளனாக வைக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அசையாத வால்வு சிக்கிக்கொள்ளும் என்பதால், ஆலையை நிறுத்தாமலே அதைச் சற்று நகர்த்திப் பார்க்கும் பகுதி அசைவுச் சோதனையும் பரவியது.

மலேசியாவில் 2025 ஏப்ரல் 1 காலை, சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வால்வுகளை மூடிக் குழாயைத் துண்டித்த பிறகும் தீ பல மணி நேரம் எரிந்தது. அடைபட்ட இரு வால்வுகளுக்கு இடையே தங்கிய வாயு தீர்ந்தாக வேண்டுமே. வால்வுகளுக்கு இடையிலான தொலைவு எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பல மணி நேரம் காட்டியது.

பழைய வால்வை மாற்றுவதும் எளிதல்ல. மலேசியாவின் பினாங்குத் தீவுக்குக் குடிநீரின் பெரும்பகுதி பெருநிலத்திலிருந்து கடலடிக் குழாய்கள் வழியே வருகிறது. 2024 ஜனவரியில், சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பழைய வால்வுகளைப் பினாங்கு நீர் வழங்கல் நிறுவனம் மாற்றியது. அந்த வேலைக்காகவே மாநிலத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீரை நிறுத்த வேண்டியிருந்தது.