கல்முனைக் கரையின் சீதன மனை

கிழக்கிலங்கையின் கடலோரப் பெருந்தெருவிலே, மட்டக்களப்பு வாவி ஒடுங்கி முடியும் எல்லையைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்வோர், மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். ஒரு புறத்தே கடல். மறு புறத்தே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றரையிலே சோனகர் ஊரும் தமிழர் ஊரும் மாறி மாறி அமைந்துள்ளன. இவ்வூர்களின் ஒழுங்கைகளுள் நுழைந்து, "இது யார் வீடு?" என வினவினால், வீட்டுத் தலைவரான ஓர் ஆடவரின் பெயரே பெரும்பாலும் விடையாக வரும். ஆயின், பெட்டகத்துட் பூட்டிவைத்த காணி உறுதியை எடுத்து விரித்தால் அங்கே காணப்படுவது அவர் மனைவியின் பெயராகவே இருக்கும். ஊரார் சொல்லும் பெயருக்கும் உறுதியில் எழுதிய பெயருக்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டுள் இக்கரையின் குடும்ப வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

வழக்கம் இதுதான். பெண் பருவமெய்திய நாள்தொட்டே தந்தைக்கு மனைக் கவலை தொடங்கிவிடும். மணமாகும்போது தாயிருந்த வீடே மூத்த மகளுக்குச் சீதனமாகச் சேர்வது பெருவழக்கு. மணமகன் தன் தாய்வீட்டை விட்டு நீங்கி, மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். சிறிது காலம் மாமனும் மாமியும் மகளோடும் மருமகனோடும் ஒன்றாக வாழ்வர். அடுத்தவளுக்கு மணப்பேச்சு எழுமுன் அதே வளவின் மறுபகுதியிலோ அண்டையிலுள்ள துண்டுக் காணியிலோ இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் இடப்படும். பெற்றோர் இளைய மகளோடு அவ்வீட்டுக்கு மாறுவர். இங்ஙனம் மகள்மாரின் வீடுகள் வரிசையாய் எழுந்து, வேலியில் ஒரு கடவை விட்டு, அக்காளும் தங்கையும் கறிக்கிண்ணம் மாற்றிக்கொள்ளும் அண்மையில் அமைந்துவிடும். தெருவிலே வந்து போவோர் ஆண்கள். வளவிலே வேரூன்றியோர் பெண்கள். வயலுடையோர் வீட்டோடு ஒரு துண்டு நெற்காணியையும் சேர்த்து எழுதுவதுண்டு.

இவ்வழக்கத்துக்கு அடிப்படையாய் நிற்பது 'குடி' என்னும் தாய்வழிப் பிரிவாகும். பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்யார். கோயில்களில் வண்ணக்கர் பதவியும், பள்ளிவாசல்களில் மரைக்காயர் பதவியும் குடிகளின் வழியே வந்தன. சைவரும் இஸ்லாமியரும் வழிபாட்டிலே இரு துருவமாய் நின்றும், குடி முறையிலும் சீதன மனையிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவராய் விளங்குவது, இக்கரையை ஆராய வந்த மானிடவியலாரையெல்லாம் வியப்பில் ஆழ்த்திய செய்தி. அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனைத் தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இம்முறை எங்கிருந்து வந்தது? மலையாள நாட்டு மருமக்கட்டாயத்தை நினைவூட்டும் கூறுகள் இதிற் பலவுண்டு. மட்டக்களப்பில் மேலாதிக்கம் பெற்ற முக்குவர் அந்நாட்டிலிருந்து வந்தோர் என்ற ஐதிகமும் உண்டு. சோனகரோ பல காலத்திலும் பல திசையினின்றும் வந்து சேர்ந்தோர். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்றோசின் குறிப்பு. அவ்வாறு வந்தோர் உள்ளூர்ப் பெண்களை மணந்தமையாற் குடி முறை அவர்களிடையே புகுந்தது என்பது பலர் கருத்து. ஆயினும் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடத்தும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருப்பதையும், சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் மனையைத் தாய்வழியிற் காத்துவருவதையும் நோக்கும்போது, எல்லாவற்றையும் ஒரு குடியேற்றத்தின் தலையிற் சுமத்துவது பொருந்துவதாயில்லை. இந்துமாக்கடலின் வணிகக் கரைகளெங்கும் ஆண்மகன் மரக்கலமேறிப் போகின்றவன், வீட்டிலிருப்பவள் பெண். வீடும் அவள் பெயரில் இருந்தது.

முக்குவர் சட்டம் என வழங்கியது சொத்தை இருவகையாய்ப் பிரித்தது. மரபில் இறங்கியது முதுசம். அது ஆணொருவனின் பிள்ளைகளுக்கன்றி அவன் உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கே உரியது. உழைப்பாற் சேர்ந்தது தேட்டம். கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் இச்சட்டத்தைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முக்குவர் முறையையே வழக்கொழியச் செய்தது! நூல் அச்சேறிய வேளையிற் சட்டத்துக்கே முடிவு நேர்ந்தது. இருந்தும் மட்டக்களப்பார் கலங்கினாரல்லர். இறந்தபின் மருமக்களுக்குச் செல்லும் முதுசம் மங்கியது. உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிக் கொடுக்கும் சீதனம் ஓங்கியது. சட்டம் மாற்றியது இறந்தவனின் சொத்து செல்லும் வழியை. உயிரோடிருக்கும் தந்தை நொத்தாரிசு முன்னிலையிற் செய்யும் கொடையில் அது கைவைக்கவில்லை.

முஸ்லிம்களை 1876ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டவில்லை. அவர்களுக்கு 1806ஆம் ஆண்டின் முகமதிய சட்டக் கோவை இருந்தது. 1852இல் அது இலங்கை முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பின்னர் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் முஸ்லிம்களின் மரபுரிமையையும் நன்கொடையையும் அவரவர் மத்ஹபின்படி ஒழுங்குசெய்தது. மார்க்கச் சட்டத்தின்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது இறந்தோர் சொத்தைப் பற்றிய விதி. உயிரோடிருக்கும் ஒருவன் விரும்பியவருக்கு 'ஹிபா' என்னும் நன்கொடை செய்ய அதே மார்க்கம் இடந்தருகின்றது. கல்முனைக் கரையின் தந்தையர் இவ்வாயிலின் வழியே வீட்டையும் வயலையும் மகள்மாருக்குக் கொடுத்து முடித்தனர். பங்கு பிரிக்கும் நாள் வரும்போது பிரிப்பதற்கு எஞ்சியிருந்தது சொற்பமே. 1931ஆம் ஆண்டுச் சட்டத்திலே, உறுதியைக் கையளித்தாலே உடைமையைக் கையளித்ததற்குச் சான்றாகும் என்று ஒரு விதி உண்டு. தந்தையும் தாயும் மகளோடு அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கும் இவ்வூர்களுக்கு அவ்விதி எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இக்கரைக்கு வந்து சேர்ந்த இன்னொரு குடும்பப் போதனையையும் நோக்குதல் தகும். 1814ஆம் ஆண்டிலே உவெஸ்லியன் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே அங்கு உயிர்நீத்தார். அவர் தொடங்கிய பணியே மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பள்ளிக்கூடங்களாய் வளர்ந்தது. அச்சபையின் மூலவரான ஜோன் உவெஸ்லி, பணத்தைப் பயன்படுத்துமாறு குறித்து 1760இல் வெளியிட்ட பிரசங்கம் ஒன்று பெயர்பெற்றது. நேர்மையான வழியில் இயன்ற மட்டும் தேடுக, வீண்செலவின்றி இயன்ற மட்டும் சேமிக்குக, பின் இயன்ற மட்டும் ஈக என்னும் மூன்று படிகள் அதன் சாரம். தன் வீட்டாரின் தேவையை நிறைவேற்றிய பின்னரே பிறர்க்கு ஈதல் என்ற வரிசையையும் அவர் வகுத்தார். பணப்பை யாரிடம் இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கோ அக்காலத்து ஆங்கிலச் சட்டம் ஐயத்துக்கிடமின்றி விடையளித்திருந்தது. புருஷன் மனைவிக்குத் தலை என்ற பவுல் அப்போஸ்தலரின் போதனையை நாளும் கேட்ட அந்நாட்டில், மணமானதும் மனைவியின் அசையும் பொருள் கணவனுடையதாகும்; அவளது நிலத்தின் ஆட்சியும் அவன் கைக்கு மாறும். தன் உடைமையைத் தானே ஆளும் உரிமையை ஆங்கில மனைவி 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே பெற்றாள்.

உவெஸ்லியோ தம் வாழ்விலே இச்சட்டத்தைத் தாண்டி நின்றார். 1751இல் அவர் மணந்த மேரி வசேல் என்னும் விதவைக்குப் பத்தாயிரம் பவுண் செல்வமிருந்தது. அதில் ஒரு காசும் தமக்கு வாராவண்ணம், அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எழுதிவைத்த பின்னரே அவர் மணம்புரிந்தார். அம்மணவாழ்வு இன்பமாய் அமையவில்லை என்பது வேறு கதை. ஆனால் மனைவியின் பொருள் மனைவியிடமே நிற்கவேண்டும் என்ற அவரது நடத்தை, அவர் பெயரால் மிஷனரிமார் வந்திறங்கிய இக்கரையில் எழுத்தறியாத மூதாட்டிக்கும் தெரிந்திருந்த நியாயமே. இலங்கையிலும் 1876ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் மனைவியரின் பொதுச்சொத்து முறையை நீக்கியபோது, மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனின் இணக்கம் வேண்டும் என்ற தளையை விட்டுவைத்தது. அது அறுந்தது 1923இல். முஸ்லிம் பெண்ணுக்கு அத்தளை என்றும் இருந்ததில்லை. மார்க்கம் அவள் சொத்தை அவளுடையதாகவே வைத்திருந்தது.

இவ்வளவும் கூறியபின், இம்முறையிற் குறையே இல்லை என எண்ணிவிடலாகாது. நான்கு பெண்களைப் பெற்றவன் நான்கு வீடு கட்டவேண்டியவனாகின்றான். தமக்கையரும் தங்கையரும் மணமேடை ஏறும்வரை தமையன் தன் மணத்தைப் பற்றி வாய் திறவான். அவன் உழைத்துக் கட்டிய வீட்டில் வந்து அமர்பவன் வேறொருவன்; அவனோ வேறொரு தமையன் கட்டிய வீட்டுக்குப் போகவேண்டும். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் முஸ்லிம்களின் கல்விக்கு வித்திட்டார். படித்த பிள்ளைகள் பெருகினர். உத்தியோக மாப்பிள்ளைக்கு வீட்டோடு ரொக்கமும் கேட்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. இந்த ரொக்கமே கைக்கூலி. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன ஆண்கள் சகோதரியின் சுவருக்குக் கல் அனுப்பினர். பின்னர், தன் வீட்டைத் தானே தேடப் பெண்ணே கடல் கடந்து அயலார் வீட்டுச் சமையலறையில் நின்றாள்.

மார்க்க அறிஞர் பலர் இதனைக் கண்டித்துள்ளனர். மணமகன் மஹர் கொடுக்கவேண்டிய இடத்தில் மணமகள் வீட்டார் கொடுப்பது தலைகீழ் என்பது அவர்தம் வாதம். மறுத்தற்கரிய வாதமும் ஆகும். ஆயினும் ரொக்கமும் மனையும் ஒன்றல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை ஏற்று, அது மணமகளின் பொருட்டு மணமகனிடம் கொடுக்கப்பட்ட பணமும் அசையும் பொருளுமே என வரையறுத்தது. மணமுறிவு நேர்ந்தால் மனைவி அதனைக் காதி நீதிமன்றில் வழக்காடிப் பெறவேண்டும். கணவன் செலவழித்துவிட்டிருந்தால் தீர்ப்பு ஏட்டில் நிற்கும். மனைக்கோ வழக்கே வேண்டா. தலாக் கூறிய கணவன் தன் உடுப்புப் பெட்டியோடு படலையைத் தாண்டவேண்டியவன். பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பர். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி ஒருங்கே எறியச் சொல்லும் சீர்திருத்தக்காரர், எறிந்தபின் அவள் எங்கே உறங்குவாள் என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவராவர்.

அரசு கொடுத்த காணிகளின் வரலாறு இதற்கு எதிர்மறைச் சான்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நிலத்தையும் நீரையும் மாற்றியமைத்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. குடியேற்றக் காணிகளுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின்னுரித்து அட்டவணையிலே மகன்மாருக்குப் பின்னரே மகள்மார் நின்றனர். 2022இலேயே அவ்வரிசை திருத்தப்பட்டது. தாய்வழி மனை வழக்கு ஒரு பக்கமும், தலைமகனைத் தேடும் அரச அட்டவணை மறுபக்கமும் ஒரே மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்று தலைமுறை நிலவின.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இம்முரணை வெட்டவெளியாக்கியது. அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீட்டு வரிசைகள், தாயும் மகள்மாரும் அடுத்தடுத்து வாழ்ந்த வளவுகளோடு, அத்திவாரம் மட்டும் எஞ்சும்படி துடைக்கப்பட்டன. கடலிலிருந்து இருநூறு மீற்றர் வரை மீளக் கட்டலாகாது என முதலில் ஆணை பிறந்தது. மாற்றிடத்தில் வீடு தருவதற்கு அதிகாரிகள் படிவத்தோடு வந்தனர். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. அக்கூட்டில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. அழிந்த வீடு மனைவியுடையது. கிடைத்த வீடு கணவனுடையதாயிற்று. யாரும் தீயநோக்கோடு செய்ததாகச் சொல்வதற்கில்லை. கொழும்பிலும் மேல்நாடுகளிலும் உள்ளோருக்கு வீடென்றால் ஆணுடையது என்பது கேட்கவே வேண்டாத செய்தி போலும். பெண்கள் அமைப்புக்கள் இதனை எடுத்துரைத்தன. கூட்டுரிமை வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. கடலோரத்துப் பெண்ணுக்கோ கூட்டுரிமையும் ஓர் இறக்கமே: முழுமையாய் இருந்தது பாதியாகின்றது.

மாற்றிட வீடுகளிலே இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு துண்டு நிலம், அயலில் யாரோ. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அண்டையில் இளையவளுக்கு அத்திவாரமிட இடமில்லை. பழைய ஊர்களிலும் வளவுகள் கூறுபட்டுக் கூறுபட்டு, கிணற்றடியும் வேலியோரமும் மனையாகிவிட்டன. வயலை நிரப்பி ஊர் விரிகின்றது. நிரப்ப வயலில்லாதவர் மேலே எழுகின்றனர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஒழுங்கைகளில் நடப்போர், கீழ்த்தளம் பூசி முடிந்து, கூரைத் தட்டின் மேல் துருப்பிடித்த கம்பிகள் வானை நோக்கி நிற்கும் வீடுகளைக் காணலாம். கீழ்த்தளம் அக்காளுடையது. கம்பிகள் தங்கைக்காகக் காத்து நிற்கின்றன.