ஒப்பந்தமும் ஒப்படைப்பும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை வாயிலுக்கு அருகே சிறிது நேரம் நிற்பவர்கள், புதிய மோட்டார் கார் ஒன்று மாலை சூட்டிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை நோக்கி மெல்ல வருவதைக் காணலாம். வண்டிக்குப் பூசை நடக்கும். தேங்காய் உடைபடும். வீட்டார் முகத்தில் மகிழ்ச்சி பொங்கும். அவ்வாறு வரும் வண்டிகளுள் பல, கடனாகப் பெற்ற பணத்தில் வாங்கப்பட்டவை. விலை பேசி முடித்த நாளுக்கும் வண்டி கைக்கு வரும் நாளுக்கும் நடுவே சில நாட்களோ, சில வாரங்களோ கழிகின்றன. அந்த இடைக்காலத்தில், கடன் கொடுப்பவர் முன்பு சொன்ன நிபந்தனையை மாற்றிவிட்டால் வாங்குபவர் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை காண நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே நம் நோக்கம்.

முதலில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி. கிழக்கேகோட்டையை அடுத்திருப்பது சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்து வருகின்றனர். அவர்களுள் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சித்திரை மாதப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக நம் வீட்டிற்கு வந்தார். மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவர் என்ற முறையில் ஆங்கிலத் தாள்களை நம்மிடம் காட்டிப் பொருள் கேட்பது அவர் வழக்கம்.

அன்று அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளில் ஆறு இலட்ச ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை 12,455 ரூபாய் என்று கண்டிருந்தது. வண்டி எடுக்க வருமாறு அழைத்தபோது கொடுக்கப்பட்ட இரண்டாம் தாளில் வட்டி 9.75 சதவீதம், தவணை 12,675 ரூபாய். முன்பு இல்லாத கட்டணம் ஒன்றும் புதிதாக நுழைந்திருந்தது. மாதம் 220 ரூபாய் அற்பமாகத் தோன்றலாம். அறுபது மாதங்களில் அது 13,200 ரூபாய் ஆகிறது.

“பணம் பெரிதல்ல, சார். நல்ல நாள் பார்த்துவிட்டோம், ஊரிலிருந்து அம்மாவும் வந்துவிட்டாள். இப்போது நான் ஒப்பமிட மாட்டேன் என்றால் வண்டி வராது; ஒப்பமிட்டால் ஏமாந்தவன் ஆகிறேன். சொன்ன சொல்லை இவர்கள் மாற்றலாமா?” என்று அவர் கேட்டார்.

தவணை முறையில் பொருள் வாங்கும் ஏற்பாட்டை ‘வாடகைக் கொள்முதல்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். இச்சொல் நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு என்றும் ஓர் இடர். வாடகைக்கு எடுத்தவன் உரிமையாளன் அல்லன். கொள்முதல் செய்தவன் உரிமையாளன். இரண்டையும் ஒரே சொல்லில் பிணைத்தால் பொருள் யாருடையது? மொழியில் தோன்றும் இந்த ஐயம் சட்டத்திலும் இருந்தது. அதனை நம் நாட்டு நீதிமன்றங்கள் முன்மாதிரியாகக் கொண்ட ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று நன்கு விளக்குகிறது.

இங்கிலாந்தில் ஒருவர் ஒரு பியானோவை மாதத் தவணைக்கு எடுத்தார். முப்பத்தாறு தவணைகளையும் கட்டி முடித்தால் பியானோ அவருக்குச் சொந்தம். விரும்பினால் இடையில் திருப்பித் தந்துவிடலாம் என்பது ஏற்பாடு. அவரோ சில மாதங்களிலேயே அதனை அடகுக் கடையில் வைத்துவிட்டார். ஹெல்பி எதிர் மாத்யூஸ் என்ற அந்த வழக்கில் 1895-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. திருப்பித் தரும் உரிமை இருந்தமையால் அவர் ‘வாங்க இசைந்தவர்’ ஆகார். ஆகவே பியானோ உரிமையாளருக்கே சேரும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டாண்டு முன்னர், முழு விலையையும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த வேறொரு வழக்கில் முடிவு நேர்மாறாக அமைந்திருந்தது. இவ்விரு தீர்ப்புகளையும் கண்ட வணிகர்கள் ஒன்றைத் தெளிவாக உணர்ந்தனர். தாளில் எழுதும் வாசகமே அனைத்தையும் முடிவு செய்கிறது. அவ்வாசகத்தை எழுதும் பேனாவோ தம் கையில் இருக்கிறது!

அதன் விளைவை எளிய மக்கள் அனுபவித்தனர். பெரும்பகுதித் தவணையைக் கட்டிய பின்னரும் ஒரு தவணை தவறினால் பொருளைப் பிடுங்கிச் செல்லும் கொடுமை அங்கே பெருகியது. ஜாரோ தொகுதியின் பிரதிநிதி எல்லன் வில்கின்சன் என்ற அம்மையார் பாராளுமன்றத்தில் தனி உறுப்பினராகக் கொண்டுவந்த மசோதா 1938-ஆம் ஆண்டு சட்டமாயிற்று. ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்பதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்ட பின் நீதிமன்றத்தின் ஆணையின்றிப் பொருளை மீட்கலாகாது என்று அது விதித்தது.

அதே 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசின் மோட்டார்ப் போக்குவரத்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதனை நடத்த அழைக்கப்பட்டிருந்தார். அச்சேவைதான் 1965-இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று. இவ்வாறு பொதுமக்களுக்கு மோட்டார் வண்டி அரசின் பஸ்ஸாகவும் வந்தது. பயணச்சீட்டு வாங்கினால் போதும், கடன் பத்திரம் வேண்டியதில்லை. சொந்த லாரியோ காரோ வேண்டியவர்களுக்கு அப்படியல்ல. மொத்த விலையையும் ஒருங்கே தர இயலாதவர்கள் கடன் நிறுவனங்களை நாடினர். சுதந்திரத்திற்குப் பின் சென்னை இத்தொழிலின் முக்கியக் கேந்திரங்களுள் ஒன்றாயிற்று. அங்கே 1954-இல் தோன்றிய சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் கேரளத்திலும் வாடிக்கையாளரைப் பெற்றிருந்தது. அதன் வாயிலாகவே நம் வினாவோடு தொடர்புடைய தீர்ப்பு ஒன்று பிறந்தது.

வாடிக்கையாளர் வண்டியைத் தேர்ந்தெடுத்து விலையில் ஒரு பகுதியைத் தாம் செலுத்துவார். மிகுதியை நிறுவனம் செலுத்தும். வண்டி அவர் பெயரில் பதிவாகும். ஆனால் பத்திரங்களிலோ, அவர் வண்டியை நிறுவனத்துக்கு விற்று, மீண்டும் வாடகைக் கொள்முதலாகப் பெற்றதாக எழுதப்பட்டிருக்கும். இதனைக் கண்ட கேரள அரசு, ‘விற்பனை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே விற்பனை வரி செலுத்துங்கள்’ என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நடந்தது உண்மையில் விற்பனை அன்று, பிணையுடன் கூடிய கடனே என்று 1965 நவம்பரில் அந்நீதிமன்றம் முடிவு கூறியது. வழக்கு வரியைப் பற்றியதுதான். ஆயினும், பத்திரத்தின் வடிவம் எதுவாயினும் அதற்குப் பின்னே சென்று உண்மையான ஏற்பாடு யாது என்று காணும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்ற கருத்து அதில் அழுத்தம் பெற்றது. பேனா பிடித்தவரின் வாசகமே முடிவான சொல் என்ற நிலை இவ்வாறு சற்றுத் தளர்ந்தது.

தனிச் சட்டம் வேண்டும் என்ற கருத்தும் அக்காலத்தில் வலுப்பெற்றது. இந்தியச் சட்ட ஆணையம் தன் இருபதாவது அறிக்கையை 1961-இல் இப்பொருள் பற்றியே அளித்தது. பாராளுமன்றம் 1972-இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ரொக்க விலை, தவணை விலை, தவணைகளின் தொகை, அவற்றின் நாள் ஆகிய அனைத்தும் அதில் காட்டப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு எத்துணைப் பயன் தரக்கூடிய விதிகள்! ஆனால் அச்சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. நாள் குறிக்கப்பட்டது, தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் அந்த அறிவிப்பே திரும்பப் பெறப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் உறங்கிய பிறகு, 2005-இல் அது நீக்கப்பட்டது.

அதுவரை வாங்குபவருக்குத் துணையாக நின்றது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். ஒரு முன்மொழிவை ஏற்பவர் மாற்றமின்றி முழுமையாக ஏற்றால்தான் ஒப்பந்தம் உருவாகும் என்பது அதன் அடிப்படை. ஏற்கப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிய ஒன்றை வைக்க வேண்டுமானால் இரு தரப்பும் இசைய வேண்டும். ஒருவர் மட்டும் திருத்தி எழுதிய தாள் புதியதொரு முன்மொழிவே ஆகும். அதனை ஏற்பதும் மறுப்பதும் மற்றவர் விருப்பம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் தாள் வெறும் மதிப்பீடுதான், உறுதிமொழி அன்று என்று கடன் கொடுப்பவர் சொன்னால் எதைக் காட்டி மறுப்பது? இங்கேதான் எளியவர்கள் பன்னெடுங்காலம் வழக்கிழந்தனர்.

இக்குறையை ரிசர்வ் வங்கியின் கட்டளைகள் படிப்படியாக நிரப்பின. நேர்மையான நடைமுறைக் கோவை ஒன்று 2003-இல் வங்கிகளுக்கும், 2006-இல் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் விதிக்கப்பட்டது. வட்டி, கட்டணம் ஆகியவற்றில் செய்யும் மாற்றம் முன்தேதியிட்டுச் செல்லாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அடுத்த பெரும் படி 2024-இல் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், தனிநபருக்கு அளிக்கும் கடன்களில் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தருதல் வேண்டும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அது காட்ட வேண்டும். படித்துப் பார்த்து முடிவு செய்ய, ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடன்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் தரப்பட வேண்டும். அக்காலத்துக்குள் கடன் பெறுபவர் இசைவு தெரிவித்தால் அறிக்கையில் கண்ட நிபந்தனைகள் கடன் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கலாகாது. பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி கணக்கிட வேண்டும், கடனுக்கு ஒப்புதல் அளித்த நாளிலிருந்து அன்று என்பதையும் ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் வலியுறுத்தியது.

அண்ணாச்சியின் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தோம். அது அத்தகைய அறிக்கையேதான். “இதற்கு எப்போது இசைவு கொடுத்தீர்கள்?” என்று கேட்டோம். “மறுநாளே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன், சார், நகல்கூட இருக்கிறது” என்றார். அந்த நகலே அவருக்கு அரணாயிற்று. அறிக்கையின் எண், இசைவு தந்த நாள், அதிலிருந்து மாறிய தாளை ஏற்க இயலாமை ஆகிய மூன்றையும் குறித்துச் சிறிய கடிதம் ஒன்று எழுதி, எழுத்திலேயே பதில் வேண்டினோம். முப்பது நாட்களுக்குள் பதில் இல்லையெனினும், வரும் பதில் மனநிறைவு தராவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னோம். வண்டி விற்பவரோடு செய்த ஒப்பந்தம் வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. கடனை மறுத்தால் முன்பணம் தானாகத் திரும்பிவிடாது. அதற்கு முன்பதிவுத் தாளின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தோம்.

சித்திரை முதல் நாள் வண்டி வரவில்லை. அம்மா பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்கள். அது அண்ணாச்சிக்கு வருத்தம்தான். ஆனால் பழைய வட்டியே செல்லும் என்ற பதில் அடுத்த வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பழவங்காடியில் தேங்காய் உடைந்தது. புதிதாக நுழைந்த கட்டணத்தைப் பற்றி மட்டும் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பியானோ வழக்கிலிருந்து இன்றுவரை நூற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பேனா இன்றும் கடன் கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது. ஆயினும் எழுதியதைப் படித்துப் பார்ப்பதற்கான மூன்று நாட்கள் இப்போது வாங்குபவருக்கு உரியவை. நல்ல நாளின் அவசரத்தில் அந்த மூன்று நாட்களை இழந்துவிடாமல், புரியும் மொழியில் தாளைக் கேட்டுப் பெற்று, படித்து, ஒப்பமிட்டு, நகலைப் பத்திரப்படுத்துவது நேயர்கள் ஒவ்வொருவரின் கடமையாகும்.